ஒன்பதாம் எண்ணின் பெயர்

விசாரணைக் குழுத் தலைவர் அவர்களுக்கு,

அன்று கருத்தரங்க அறையில் ஏழு பேர் இருந்தோம். நீள மேசையின் முனையில் துறைத் தலைவர். அவருக்கு வலப்பக்கம் நான். மின்விசிறி சுவிட்ச் அங்கேதான் இருக்கிறது, வியர்த்தாலும் குளிர்ந்தாலும் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். எதிரே இளங்கலை இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர், என் வழிகாட்டுதலில் ஆய்வு செய்கிறவர்கள். ஜன்னலோரம் தையல் ஆலையின் மேலாளர், விருந்தினர் என்பதால் கைவைத்த நாற்காலியில். நாற்காலி போதாமல் நான்காவது மாணவி கதவருகே ஸ்டூலில்.

அவளுக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர் வைத்தவன் நான்தான். ஆரம்பத்தில் செல்லமாகத்தான் வைத்தேன்.

ஆலைப் பெண்கள் தங்கள் மேற்பார்வையாளர்களைப் பற்றி எதைச் சொல்கிறார்கள், எதை விழுங்குகிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. இருபத்திரண்டு பெண்களிடம் பேட்டி எடுத்திருந்தாள். எங்கள் துறையில் இதற்கு ஒரு முறை உண்டு. குறிப்பேட்டில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யார் என்று சொல்லும் தாள் ஒன்றே ஒன்று. அது வழிகாட்டியின் இரும்பு அலமாரியில் இருக்கும், சாவியும் வழிகாட்டியிடம்தான். பெயர் வெளியே போகாது என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுதிக் கொடுத்த படிவத்தில் கேள்விக்குறியின் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

அன்று அவள் நன்றாகத்தான் பேசினாள். இஸ்திரிப் பிரிவின் மேற்பார்வையாளர் கழிவறைக் கதவை வெளியே பூட்டிவிட்டு நின்று சிரிப்பார் என்று ஒன்பதாம் எண் சொன்னதைப் படித்தாள். மேலாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முடிக்கும்போது என்னைப் பார்த்து, "ஒரு சின்ன சந்தேகம் சார்" என்றாள்.

"கேளும்மா."

"உங்க பழைய கட்டுரையில இருபத்தஞ்சு பேட்டின்னு போட்டிருக்கீங்க. பெட்டியில பதினாலு கேசட்தான் சார் இருக்கு. மீதி எங்க இருக்குன்னு சொன்னீங்கன்னா, என்னோடத ஒப்பிட்டுப் பாத்துடுவேன்."

கபடமில்லாமல்தான் கேட்டாள், அதை ஒப்புக்கொள்கிறேன். மீதி பதினொன்று எங்கும் இல்லை. அந்தக் கட்டுரையை வைத்துத்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாணவர்களில் ஒருவன் இருமுவதுபோல் சிரித்தான். "தேடி எடுத்துத் தரேன்" என்றேன்.

பிறகு தாழ்வாரத்தில் மேலாளர் தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்த ஒன்பதாம் நம்பர் யாரு சார்? கெட்ட எண்ணம் ஒண்ணும் இல்ல. கூப்பிட்டு ஆறுதலா நாலு வார்த்தை பேசலாம்னுதான்."

ஆறுதல் சொல்கிற முகம் அதுவல்ல என்பது எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று எழுதினால் இந்தக் கடிதத்தையே கிழித்துப் போடலாம். அறைக்குப் போனேன், அலமாரியைத் திறந்தேன், ஒரு துண்டுத் தாளில் பெயரையும் பிரிவையும் எழுதினேன். "அந்தப் பொண்ணு நோட்டுல இருந்துச்சு" என்று சொல்லி மேலாளரிடம் கொடுத்தேன். நான் வேண்டியது ஒன்றுதான்: இனி எந்தப் பெண்ணும் கேள்விக்குறியிடம் வாய் திறக்கக் கூடாது. ஒன்பதாம் எண் என் கணக்கிலேயே இல்லை. அவளை நான் பார்த்தது கூடக் கிடையாது.

மறுநாளே அவளை இஸ்திரிப் பிரிவில் நீராவி இஸ்திரி இயந்திரத்தில் தனியாக நிறுத்தினார்கள். எட்டாம் நாள் அவளுடைய வலது கை உள்ளே இருக்கும்போது மேல்தட்டு இறங்கியது. தட்டை இறக்கும் மிதிகட்டையில் யார் கால் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. விபத்து என்று பதிவானது.

கேள்விக்குறி என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நாலு விரல் போச்சு சார். தன் பொண்ணுக்குத் தலை பின்ன முடியலன்னு அழுவுறாங்க. நான்தான் காட்டிக் கொடுத்தேன்னு என் மூஞ்சியில துப்பினாங்க சார்."

"எங்கேயாவது வாய் தவறிச் சொல்லியிருப்பே. யோசிச்சுப் பாரு."

"சொல்லல சார்." வெகுநேரம் என் அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னைப் பத்தி விடுங்க. விசாரணைக் கமிட்டி என்ன வேணா பண்ணட்டும். மேனேஜர் இன்னும் மத்த பேரையெல்லாம் கேட்டுட்டிருக்காராம். மீதி இருபத்தோரு பேர் இருக்காங்க. அந்தத் தாளைக் கிழிச்சுடுங்க சார், கால்ல விழறேன்."

ஆவணத்தை அழிப்பது முறையல்ல என்று விளக்கினேன். முதல் பருவத்திலேயே நடத்திய பாடம் அது.

உங்கள் விசாரணையில் அவளிடம் அந்தத் தாளின் வேறொரு நகல் இருந்திருக்கலாம் என்று சொன்னேன். 'இருந்தது' என்று சொல்லவில்லை. நீங்களே அப்படி எழுதிக்கொண்டீர்கள். அவளை இரண்டு ஆண்டு நீக்கி நீங்கள் அனுப்பிய தீர்ப்பு நேற்று கைக்கு வந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நான்காம் பத்தியைத் தவிர. 'வழிகாட்டியின் தரப்பில் சிறு கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள்.

பத்தொன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஒரு நாள் அலமாரியைப் பூட்டாமல் போனதில்லை, ஒரு விடைத்தாளைத் தொலைத்ததில்லை. என்னைக் கவனக்குறைவானவன் என்று எழுத உங்களுக்கு உரிமையில்லை. பெயரைக் கொடுத்தது நான். யோசித்து, தெரிந்து, நிதானமாகக் கொடுத்தேன். நான்காம் பத்தியைத் திருத்தி எனக்கு ஒரு பிரதி அனுப்பவும். அவளுடைய நீக்கத்தை என்ன செய்வது என்பது உங்கள் பாடு.

சொன்னதற்குச் சான்று வேண்டும் என்பதால் இருபத்திரண்டு பெயர்களும் உள்ள அந்தத் தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன், ஒவ்வொருவரின் பிரிவும் வீட்டு முகவரியுமாக. ஒரு கடிதத்தில் குறிப்பிடப்படும் தரப்புக்கு அதன் நகலும் இணைப்பும் போக வேண்டும் என்பது அலுவலக நடைமுறை. அதை நான் ஒருபோதும் மீறியதில்லை. துறைத் தலைவருக்கு ஒரு உறை, ஆலை மேலாளருக்கு ஒரு உறை.

பின்குறிப்பு: மேலாளருடையது காலையிலேயே கூரியரில் போய்விட்டது. பெற்றுக்கொண்டதற்கு அவருடைய கையெழுத்தும் திரும்பி வந்துவிட்டது. உங்களுடைய உறைக்கு இப்போதுதான் பசை தடவப் போகிறேன்.