கல்வேலியில் எழுதியிருந்தது

"என் ஆட்டுத் தலையில் நானே கை வைக்க வேண்டும்." எருசலேம் ஆலயத்தில் ஒரு பெண் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி வளர்த்த வார்த்தை. கேட்டேன். அன்று வெயில் இதமாக இருந்தது.

வாசல் காவலில் இருந்த தாய்மாமன் இல்க்கியா சிரித்தார். "வெட்டுறதுக்கு முன்னால பலி மேல கை வைக்கிறது ஆம்பளைங்க வேலை தாயி. குட்டிய குடுத்துட்டு, பொம்பளைங்க முற்றத்துலயே கும்பிட்டுட்டுப் போ."

நான் வளர்த்த குட்டி. என் காய்ச்சல் தீர்ந்ததற்கு என் நேர்த்தி. கை மட்டும் எவனுடையதோ. கடவுளுக்கும் எனக்கும் நடுவே இருந்தவை பதினைந்து படிகளும் மாமாவின் தொப்பையும்தான்.

வெளியே, கல்வேலி ஓரம், மானேஸ் என்ற பிரிகியா நாட்டுக்காரர் ஆட்டோடு நின்றார். மகள் பிழைத்ததற்கு நேர்த்தியாம். வேலியில் கிரேக்க எழுத்து. அவருக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துப் படித்தவள் நான்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"நேர்த்தி உள்ளவங்க உள்ள வரலாமாம் அண்ணே."

"நானே கை வைக்கலாமா?"

"தாராளமா."

மகளுக்கு வாங்கிய மணிமாலையை என்னிடம் கொடுத்து, "வர்ற வரைக்கும் வச்சிரும்மா" என்றார்.

எழுதியிருந்தது இதுதான்: வேலி தாண்டும் அந்நியன் சாவான்; அதற்கு அவனே பொறுப்பு.

ஏழெட்டு அடி நடந்தார். கடவுள் ஒன்றும் செய்யவில்லை. எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அவ்வளவுதான். மீதியை மனிதர்கள் தடிகளால் செய்தார்கள். ஆடு தப்பி ஓடியது. அதைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை அவர்களுக்கு.

மறுநாள் காவல் அறைக்குப் போய் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"தாண்டணும்னா அந்தப் பதினஞ்சு படிய நீ தாண்டியிருக்கலாமே. அந்தாள ஏன்டி அனுப்பின?"

"நானே செத்துட்டா உங்கள யாரு மாமா கேள்வி கேக்கறது?"

"வெளிய சொல்லிறாத."

"சொன்னா என்ன? பொம்பள சொல்லு சபையில சாட்சி ஆகாதுன்னு நீங்கதானே சொல்வீங்க."

ஆண்கள் போட்ட எல்லைதான். முதல் தடவையாக எனக்கு உதவியது.

நான் யாரையும் கொல்லவில்லை. அவரே பொறுப்பு என்று கல்லிலேயே இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் கடவுளைப் பற்றி முடிவுக்கு வருவது நியாயமில்லை.

கழுத்தில் மாலையைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தேன். வேலி ஓரம் வேற்றூர்க்காரி ஒருத்தி, கூடையில் இரண்டு புறாக்களோடு, எழுத்துகளை விரலால் தடவியபடி நின்றாள். அவளுக்கு என்ன படித்துச் சொல்வது என்று படியிறங்கும்போதே முடிவு செய்திருந்தேன்.