வாசனைக்கு எடை உண்டா?

— வாயைத் திறங்க.

— எதுக்கும்மா?

— திறங்கன்னா திறங்க. ஊதுங்க. ம்... இது என்ன வாசனை?

— பேஸ்ட்.

— சாயங்காலம் வேலையிலேருந்து வர்ற மனுஷன் எங்க பல்லு தேய்ச்சீங்க? எடைமேடையிலயா? லாரி வரிசைல நிக்குது, டிரைவர் ஹாரன் அடிக்கிறாரு, ஐயா உள்ள பல்லு தேய்க்கிறாராக்கும்?

— பசிச்சா பல்லு தேய்ங்கன்னு டாக்டரம்மா தானே சொன்னாங்க.

— தேய்க்கச் சொன்னாங்க. முழுங்கச் சொன்னாங்களா?

— கொஞ்சூண்டு தான்.

— எவ்வளவு?

— ஒரு பட்டாணி அளவு இருக்கும். நியாயமா பாத்தா அது சாப்பாடே இல்ல. கடையில சோப்புக்குப் பக்கத்துல வச்சு விக்கிறான்.

— இனிச்சுதா இல்லையா?

— இனிச்சுது.

— அப்ப ஏமாத்து தான். சரி, இதுக்கு பதில் சொல்லுங்க. மத்தியானம் என் தம்பி உங்க மேடைப் பக்கமா போனானாம்.

— அவனுக்கு வேற வேலையே இல்லையா?

— யாரோ ஒரு டிரைவர் சாப்பாட்டு டப்பாவத் திறந்து வச்சிருக்காரு. நீங்க தலையில துண்டப் போட்டுகிட்டு அதுமேல குனிஞ்சு நிக்கிறீங்களாம். ஆவி பிடிக்கிற மாதிரி.

— ஜலதோஷம்.

— பொரிச்ச கோழியில ஆவி பிடிச்சா ஜலதோஷம் போகுமா?

— மூக்கு திறந்துகிச்சே.

— சிரிக்காதீங்க. டிரைவர் என் தம்பிகிட்ட சொன்னாராம், "உங்க மாமா மோந்து முடிச்சதுக்கப்புறம் என் சாப்பாட்டுல ருசியே இல்ல"ன்னு.

— இங்க பாரு. வாசனைக்கு எடை உண்டா, நீயே சொல்லு. இத்தனை வருஷமா எடை போடறேன். மீன் லாரி வரும். சரக்க இறக்கிட்டு காலியா திரும்பும். நாத்தம் குடலைப் புடுங்கும். ஆனா மேடையில ஏறினா காலி வண்டி எடைதான் காட்டும். நாத்தத்துக்குன்னு ஒரு கிலோ கூட்டிக் காட்டி நான் பாத்ததில்ல.

— லாரிக்கு எச்சில் ஊறுமா?

— ஊறாது.

— உங்களுக்கு ஊறுச்சா?

— ஊறுச்சு.

— துப்புனீங்களா, முழுங்குனீங்களா?

— என் சொந்த எச்சிலும்மா அது!

— கோழியப் பாத்து ஊறுன எச்சில். அதுக்குப் பேரு கோழிச்சாறு. ஏமாத்து தான்.

— இது அநியாயம். உன்கிட்ட மாட்டுறதுக்கு போலீஸ்ல மாட்டலாம்.

— அப்புறம் தலைகாணி உறை.

— அது என்ன பண்ணுச்சு?

— அது ஒண்ணும் பண்ணல. நீங்கதான் பண்ணீங்க. "இன்னும் ரெண்டு போடு, இன்னும் ரெண்டு போடு"ன்னு தூக்கத்துல ஒரே கெஞ்சல். காலைல பாத்தா உறையோட ஒரு மூலையே காணோம். நான் மெனக்கெட்டு ஓரம் அடிச்ச உறை.

— கனவுல கூடவா பத்தியம்? கனவுல தின்னதுக்கெல்லாம் யாராவது கணக்குக் கேப்பாங்களா?

— கனவுல என்ன தின்னீங்கன்னு நான் கேக்கல. நிஜத்துல துணியத் தின்னீங்க.

— நூலுல என்ன சத்து இருக்குது?

— பருத்தி. பருத்திக் கொட்டையில எண்ணெய் எடுக்கிறாங்க, தெரியும்ல?

— அடேயப்பா! டாக்டரம்மாவே தோத்தாங்க. சரி மகராசி, நீ மட்டும் ரொம்ப யோக்கியமா? விடியக்காலம் ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா? உனக்கு ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் தண்ணி. அதுக்கு மேல ஒரு சொட்டு கூடாது. ஐஸ்கட்டி எதுல சேத்தி?

— அது கட்டி. தண்ணியில்ல.

— வாயில போட்டப்புறம்?

— வாயில போட்டப்புறம் அது என்ன ஆவுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? உள்ள எட்டியா பாக்க முடியும்?

— முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காத. அன்னிக்கு இஸ்திரி போடறப்ப, துணிக்கு ஊதித் தெளிக்கிறேன்னு வாய் நிறைய தண்ணி எடுத்துகிட்ட. சட்டை கடைசி வரைக்கும் காஞ்சே கெடந்துச்சு. தண்ணி எங்க போச்சு?

— அது... பேச வேண்டியிருந்துச்சு. அவசரத்துல உள்ள போயிடுச்சு.

— யார்கிட்ட பேச? வீட்ல நான் ஒருத்தன்தான் இருந்தேன். நான் ஒண்ணும் கேக்கலையே.

— பேச்ச மாத்தாதீங்க. நான் கூடக் குடிச்சா மறுநாள் டயாலிசிஸ் மிஷின் எடுத்துடும். வாரத்துல மூணு நாள் அதுல படுக்கிறேன்ல? நீங்க தின்னத யாரு எடுப்பா? எண்பது கிலோவுக்குக் கீழ வந்தாதான் உங்க கிட்னிய எடுத்து எனக்கு வைக்க முடியும்னு டாக்டரம்மா சொன்னாங்களா இல்லையா? என் தம்பியோடது சேரல. உங்களோடதுதான் சேந்துச்சு. சேந்து என்ன புண்ணியம்? எண்பத்தாறுலயே உக்காந்திருக்கீங்க.

— நான் என்ன வேணும்னா பண்றேன்? காலைல வெள்ளரிக்கா. மத்தியானம் சூப்புங்கிற பேர்ல சுடுதண்ணி. திரும்ப வெள்ளரிக்கா. நேத்து ஆடு ஒண்ணு என்னைப் பாத்து ஒதுங்கிப் போச்சு, பங்குக்கு வந்துட்டான்னு.

— அப்ப ஏன் பேன்ட் இறுக்குது?

— இறுக்குதுதான்.

— மூச்ச இழுத்துப் பிடிச்சுதானே பட்டன் போடறீங்க?

— ஆமா.

— நான் தையக்காரி. என்கிட்ட நாக்கு பொய் சொல்லலாம், இடுப்பு பொய் சொல்லாது. வாங்க, இந்தக் குட்டி எடைமேடையில ஏறுங்க. இன்னிக்கும் பாத்துடுவோம்.

— இரு, சட்டையக் கழட்டறேன். வாட்சையும் கழட்டிடறேன். மோதிரம் வருமான்னு பாக்கறேன்... அட, வந்துடுச்சு!

— ஏறுங்க. துணி மேலயே ஏறுங்க, கால் சில்லிடாது.

— ஏறிட்டேன். படி.

— எண்பத்தாறு.

— நல்லா பாரு.

— முள்ளு நட்டமா நிக்குது. எண்பத்தாறு.

— பச்சத் தண்ணி குடிச்சா கூட ஏறுற உடம்பும்மா இது.

— எறங்குங்க. இங்க உக்காருங்க. நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?

— சொல்லு.

— விட்டுடலாங்க.

— எத?

— இந்தக் கூத்தத்தான். உங்க உடம்பு வாகு அப்படி. உங்க அப்பாவும் இப்படித்தானே இருந்தாரு? டாக்டரம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். "பாவம், அவரால முடிஞ்ச மட்டும் பாத்துட்டாரு"ன்னு சொல்லிடறேன். எனக்கு மிஷின் பழகிடுச்சு. பக்கத்து கட்டில் அக்கா நல்லா கதை சொல்லுது. ஒரு குறையும் இல்ல. இன்னிக்கு உங்களுக்குப் பிடிச்சதா சமைக்கிறேன். வெண்ணெய் போட்டு.

— வெண்ணெயா?

— கட்டியா.

— ஏமாத்துன்னு சொல்ல மாட்டியே?

— நானே போடறேங்கிறேன், அப்புறம் அதுல என்ன ஏமாத்து?

— நல்ல மனசு உனக்கு. ஆனா ஒரே ஒரு சந்தேகம்.

— சமைச்சுட்டு வந்து கேக்கறேன்.

— இப்பவே கேளு. மொதல் நாள் இதுல ஏறினப்ப, "தொப்பை மறைக்குது, முள்ளு தெரியல, நீயே படி"ன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— இப்ப ஏறினேன்ல? குனியவே இல்ல. என் கால் கட்டைவிரல் ரெண்டும் எனக்குத் தெரிஞ்சுது. நகம் வெட்டணும்.

— அதுக்கு?

— எடை குறையலன்னா, என் கட்டைவிரல் எனக்கு எப்படித் தெரிஞ்சுது?

— கட்டைவிரல் வளந்திருக்கும்.

— இந்த வயசுலயா?

— உப்பு கூடுனா வீங்கும்.

— மோதிரம் வேற கழண்டு வருது.

— சோப்பு நுரை இருந்திருக்கும். நகருங்க, நான் அத எடுத்து உள்ள வைக்கணும்.

— வைக்கலாம். அந்தத் துணிய எடு.

— எதுக்குங்க? தரை ஈரமா...

— எங்க மேடையில தினம் மொத வேலை என்ன தெரியுமா? காலி மேடையப் பாக்கறது. லாரி கிடக்கட்டும், மேடையில ஒரு ஆளு கூட நிக்கக் கூடாது. சைபர் காட்டுதா? அப்பத்தான் வண்டிய ஏத்துவேன். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டு மேடைய ஒரு நாளும் காலியா பாக்கல. பொண்டாட்டி மடிச்சுப் போட்ட துணி மேல, நல்ல புள்ளையாட்டம் ஏறி ஏறி இறங்கியிருக்கேன். எடு துணிய.

— நீங்களே எடுத்துக்கங்க.

— பாரு. நீ அங்க நிக்கிற. நான் இங்க நிக்கறேன். அப்ப இதுமேல ஆறரை கிலோவுக்கு யாரு நிக்கிறது?

— தூசி.

— தூசியா?

— ரொம்ப நாளா தொடைக்கல.

— சைபர் வைக்கிற இந்தப் பல்சக்கரத்தத் திருகினது தூசியா?

— கத்தாதீங்க. ஒரேடியா ஒண்ணும் திருகல. உங்க இடுப்பு ஒரு விரல் எறங்குனா முள்ள ஒரு கிலோ ஏத்துவேன். அவ்வளவுதான்.

— இடுப்ப எப்ப அளந்த?

— நீங்க கனவுல தின்னுகிட்டிருந்தப்ப.

— அப்ப பேன்ட்டு?

— இடுப்பப் புடிச்சுத் தைச்சேன்.

— எத்தனை பேன்ட்ட?

— எல்லாத்தையும்தான். ஒண்ண விட்டா சந்தேகம் வருமே. சும்மா சொல்லக் கூடாது, நீங்க எறங்குற வேகத்துக்கு என்னால தைச்சு மாளல. வாடிக்கைத் துணியெல்லாம் அப்படியே கெடக்குது.

— வேலியே பயிர மேயுதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். பயிரத் திருடன்னு புடிச்சு வேலி விசாரிச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன். பேஸ்ட்டுக்கு விசாரணை! எச்சிலுக்கு விசாரணை!

— விசாரிக்கலன்னா உங்களுக்கு சந்தேகம் வந்திருக்கும்.

— ஏன்டி இப்படிப் பண்ணின?

— அன்னிக்கு டாக்டரம்மா எல்லாத்தையும் சொல்லிட்டு, "ரொம்ப அபூர்வமா, கிட்னி குடுக்கிறவங்களுக்கும் ஏதாவது ஆகலாம்"னு மெதுவா சொன்னாங்களே. நீங்க "சரிங்க சரிங்க"ன்னு தலைய ஆட்டிகிட்டு, சுவத்துல இருந்த பல்லியப் பாத்துகிட்டிருந்தீங்க. எனக்குக் கேட்டுச்சு. நான் பழுதான வண்டி. எனக்கு ஒட்டுப் போடறேன்னு ஓடற வண்டியப் பிரிப்பாங்களா? ரெண்டு பேருல ஒருத்தராவது முழுசா இருக்கட்டும்னு நெனச்சேன். நெனச்சதுல என்ன தப்பு?

— அழாத. அதுவும் தண்ணிதான்.

— வெளிய போற தண்ணிக்குக் கணக்கில்ல.

— நானும் ஒண்ணு சொல்லணும். நேத்து நீ மிஷின்ல படுத்திருந்தப்ப, ஆஸ்பத்திரி வராண்டாவுல உங்களுக்கெல்லாம் எடை போடற மேடையில ஏறினேன். ஏறறதுக்கு முன்னாடி சைபர் பாத்தேன்.

— எவ்வளவு?

— எழுபத்தொம்பதரை. நர்ஸ் கூட்டிட்டுப் போய் டாக்டரம்மாகிட்ட காட்டிட்டாங்க. அடுத்த வாரம் ரெண்டு பேருக்கும் கட்டில் தரேன்னுட்டாங்க. உன் சம்மதம் ஒண்ணுதான் பாக்கி.

— நேத்தேவா? அப்ப இவ்வளவு நேரம் பட்டாணி அளவு, சொந்த எச்சில்னு வாதாடுனீங்களே, அது?

— வந்ததும் சொல்லிடணும்னுதான் வந்தேன். நீ வாயைத் திறங்கன்ன. ரொம்ப நாளைக்கப்புறம் மூச்சு வாங்காம சண்டை போட்ட. கொஞ்ச நேரம் ஓடட்டும்னு விட்டுட்டேன்.

— அதுவும் ஏமாத்துதான்.

— ஏமாத்துதான்.

— நான் சம்மதிக்க மாட்டேங்க. வெண்ணெய் எடுத்துட்டு வரேன், நீங்க சாப்பிட்டுத்தான் ஆகணும். ஒரு வாரத்துல எண்பதத் தாண்டிடலாம்.

— சாப்பிட மாட்டேன்.

— பிடிவாதம் பிடிக்காதீங்க. அப்படி என்ன கிடைக்கப் போவுது உங்களுக்கு இதுல?

— ஒண்ணே ஒண்ணுதான் வேணும். நீ ஐஸ்கட்டிய சத்தம் வராம கடிச்சிட்டு, வாயைத் தொடைச்சிட்டு வந்து படுப்ப. நான் தூங்கற மாதிரி கெடப்பேன். அதெல்லாம் இனி வேண்டாம்மா. ஒரு சொம்பு தண்ணி, அண்ணாந்து, மடமடன்னு, கழுத்தெல்லாம் வழிய வழிய நீ குடிக்கணும். நான் எதிர்ல உக்காந்து பாக்கணும்.

— ...

— என்ன, பேச்சே காணோம்? வாயில தண்ணி இருக்கா?

— ஏங்க.

— சொல்லு.

— சொம்பு முழுசாவா?