மிச்சம் இரண்டு சங்கு

இரவு பதினொன்றரை இருக்கும். அணையிலிருந்து ஊழியர் குடியிருப்புக்கு இறங்கும் மலைச்சாலை. ஒரு பக்கம் பாறை... மறுபக்கம் ஆறு. கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், இதை உரக்கச் சொல்ல முடியாது. நண்பன் ஒருவனின் மச்சானுக்கு நடந்தது.

ஆறு என்பது பேருக்குத்தான். தண்ணீரெல்லாம் அணையிலேயே மடங்கி, மலைக்குள் குடைந்த சுரங்கம் வழியாக மின்நிலையத்துக்குப் போய்விடும். கீழே வெறும் கல். அங்கங்கே குட்டைகள், வெளியே போக வழியில்லாத மீன்கள். மேலே மழை பெய்து அணை நிரம்பினால் மட்டும் ஷட்டரைத் திறப்பார்கள். அப்போது வரும் தண்ணீர், ஆளை நின்ற இடத்திலேயே வாரிக்கொண்டு போகும். அதனால் விட்டு விட்டு மூன்று முறை அபாயச் சங்கு ஊதிய பிறகுதான் திறக்க வேண்டும்.

ஷட்டர் மச்சானின் பொறுப்பு. சங்கு இருந்ததோ குடியிருப்புக்கு நேர் மேலே. அவன் வீட்டில் பச்சைக்குழந்தை. ஊதும்போதெல்லாம் அதற்குத் தூக்கிவாரிப்போடும்.

"இவளத் தூங்க வைக்கிறதுக்குள்ள எனக்குப் பாதி உயிர் போகுது. ஒரு தடவ ஊதினா உங்க ஆத்துக்குக் காது கேக்காதா?" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து ஒரே சங்கு. உடனே ஷட்டர்.

குட்டைகளில் மீன் பிடித்து விற்கும் பெண் ஒருத்தி மூச்சிரைக்க அணைக்கு ஏறி வந்தாள். "ஐயா, நேத்து ஒண்ணுதான் ஊதுச்சு. கரையோரமா இருந்ததால பொழச்சேன். முதல் சங்குக்கு வலையச் சுருட்டுவோம், ரெண்டாவதுக்குக் கூடையத் தூக்குவோம், மூணாவதுக்குக் கரையில நிப்போம். அத நம்பித்தான்யா இறங்குறோம்."

"உனக்குச் சங்கு ஊத அவ்வளவு அவசரமா?" என்றான் மச்சான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு, "சரி சரி, இனிமே மூணும் ஊதுறேன், போ" என்றான்.

அவள் நம்பிப் போனாள்.

அடுத்த மழைக்கு அவன் ஒன்றுதான் ஊதினான். கூடை மட்டும் கிடைத்தது.

அந்தப் பதினொன்றரைக்கு வருவோம். கோடைக்காலம், வானத்தில் பொட்டு மேகம் இல்லை. வேலை முடிந்து வந்தவனின் பைக், ஆற்றைக் கடக்கும் தரைப்பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. உதைத்தான்... உதைத்தான்... பச்சை மீன் வாடை.

சங்கு ஊதியது.

அடுத்த ஷிப்ட் ஆளைக் கைபேசியில் கூப்பிட்டான். "டேய், எதுக்குடா ஊதுற?"

"யாருண்ணே ஊதுனது? ஷட்டர் மூடித்தான் கிடக்கு."

"ஊதுதுடா! காது குடுத்துக் கேளு!"

இதற்குப் பிறகு நடந்தது கைபேசியில் கேட்டதுதான். பைக் சாய்ந்த சத்தம். ஓட்டம். கல் உருண்டது... ஓட்டம் நின்றது. "காலு... என் கால விடு..."

மிக அருகில் ஒரு பெண் குரல். அவசரமே இல்லாத குரல்.

"எங்கய்யா ஓடுறீங்க? இன்னும் ரெண்டு இருக்கே..."

அப்புறம் ஒரு இரைச்சல். அவ்வளவுதான்.

விடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். தரைப்பாலத்தில் பைக் சாய்ந்து கிடந்தது, தண்ணீர் வந்த தடமே இல்லை. குட்டைகளும் வற்றிய ஆற்றில் சொட்டு ஈரம் இல்லை. வெகு கீழே, காய்ந்த பாறைகளுக்கு நடுவே மச்சான் உப்பிக் கிடந்தான். ஒரு கணுக்காலில் வலைக்கயிறு, இறுக்கி முடிச்சுப் போட்டபடி.

மனைவி குழந்தையோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். சமவெளி. அங்கே ஆறும் இல்லை, அணையும் இல்லை.

தினமும் அதே நேரத்துக்குக் குழந்தைக்கு ஒருமுறை தூக்கிவாரிப்போடுகிறதாம். அழுவதில்லை. எழுந்து உட்கார்ந்து, வாசல் பக்கம் காதைத் திருப்பி, விடியும்வரை கண்கொட்டாமல் காத்திருக்கிறது...

மிச்சம் இரண்டுக்கு.