கழற்சிப் புதர்

தில்லைக்காளி மேல சத்தியம் ஐயா, நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா இந்த நாக்கு இப்பவே அழுகி விழட்டும்! அந்தப் புதருக்குள்ள போன நரி முழுசா வெளிய வரல. தோலு மட்டும் காயப்போட்ட வேட்டியாட்டம் முள்ளுல நாலு நாள் தொங்குச்சு. உரிச்ச கோழி மாதிரி நரி பிச்சாவரம் பக்கம் ஓடுனதைக் கிள்ளை ஊர்ச் சனம் அத்தனையும் பாத்துச்சு. சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. ஆனா ரோடு போடறதுக்குன்னு நீங்க அந்தப் புதர்ல நட்ட சிவப்புக் கொடியை மட்டும் பிடுங்கிடுங்க. ரோடு ஒரு பத்தடி வளைஞ்சு போனா சிதம்பரம் என்ன தூரமாயிடப் போவுதா?

குடிங்க, ஆறிடப் போவுது. கசக்கத்தான் செய்யும். ஒருநாள் விட்டு ஒருநாள் வர்ற குளிர் காய்ச்சலுக்கு இதுதான் மருந்து. கழற்சிக்காயை உடைச்சு, உள்ள இருக்கற வெள்ளைப் பருப்பை மிளகோட சேத்து இடிச்சு, வெந்நியில கலக்குனது. ஓவர்சியர்னா மூக்கைப் புடிச்சுக்கக் கூடாதுன்னு சட்டமா? புடிச்சுக்கிட்டு ஊத்துங்க. ஆங், அவ்வளவுதான். விரை வீங்குனவனுக்கு இதே செடி இலையை வெளக்கெண்ணெயில வதக்கிக் கட்டுவோம். சரி சரி, உங்களுக்குன்னு சொல்லல, கோவப்படாதீங்க.

நான் யாரா? வேலி ஆண்டின்னு கேளுங்க, கடலூர் வரைக்கும் சொல்லுவாங்க. கழற்சி வேலின்னா அது என் கை. காயைப் பாத்திருப்பீங்களே, சாம்பக் கலருல, கோலிக்குண்டாட்டம். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கல்லுல தேச்சுப் பக்கத்துல இருக்கறவன் தொடையில சூடு வைக்குமே, அதான். சும்மா மண்ணுல போட்டா வருசக்கணக்கா கல்லாவே கெடக்கும். காயோட மேலோட்டை ஒரு ஓரமா கருங்கல்லுல தேய்க்கணும். ஒருநாள் தண்ணியில ஊறணும். அப்புறம் ஈரத்துணியில முடிஞ்சு, மடியில கட்டிக்கிட்டு நடப் போவணும். முழத்துக்கு ஒண்ணு. இருபது நாள்ல மொளை வந்துடும். மூணாம் வருசம் பாம்புகூட யோசிச்சிட்டுத்தான் நுழையும். முள்ளு அத்தனையும் பின்பக்கம் வளைஞ்ச கொக்கி பாருங்க. உள்ள போறவனுக்கு வழி விடும். திரும்பறப்பதான் புடிக்கும்.

என்ன கேட்டீங்க? ஆமா, என் வேலி அந்தாண்ட நேராத்தான் போவுது. இந்தப் புதர் மட்டும் வேலிக்கு வேலையே இல்லாத எடத்துல தனியா நிக்குது. நல்லாத்தான் பாத்திருக்கீங்க. தானா மொளைச்சதுன்னு சொல்லலாம். தேய்க்காத காய் மொளைக்காதுன்னு நானே இப்பத்தான் சொல்லித் தொலைச்சேன்.

கொஞ்சம் கிட்ட வாங்க. படிச்சவரு, உங்ககிட்ட நரி செல்லாது.

எம்மருமவன் ஒருத்தன் இருந்தான், பொன்னுரங்கம்னு. அறுபத்தொண்ணுல நாகப்பட்டணத்துல கப்பலேறிப் பினாங்கு போயிட்டான்னு ஊரே சொல்லும். ஊருக்கு அதைச் சொன்னது நான். அவன் கப்பலைக் கண்ணால பாத்ததில்ல. உங்களுக்கு டம்ளரைக் குடுத்துட்டு உள்ள போனாளே, எம்பொண்ணு ராசம்மா, அவ கை ரெண்டையும் பாத்தீங்களா? அது பூனை கீறுனது இல்ல. முடியைப் புடிச்சு முள்ளு மேலயே இழுத்துக்கிட்டுப் போவான். அன்னிக்கு ஆடி மாசம், பட்டப்பகல், நான் வேலி நட்டுக்கிட்டிருக்கேன். அதே மாதிரி இழுத்துக்கிட்டு வந்தான். நான் எழுந்து ஓடறதுக்குள்ள, கீழ கெடந்த என் கவைக்கம்பு அவ கைக்கு எட்டிடுச்சு. ஒரே போடு.

குழி வெட்டுனது மட்டும் நான்.

அவசரம் ஐயா. குனிஞ்சப்ப மடி அவுந்து, தேச்சு ஊறவச்சிருந்த காய் அஞ்சும் உள்ள விழுந்துருக்குது, பாக்கல. மண்ணைத் தள்ளி மிதிச்சிட்டு வந்துட்டேன். இருபதாம் நாள் அஞ்சு மொளை எட்டிப் பாக்குது. தேய்க்காத காயா இருந்திருந்தா சத்தமில்லாம கெடந்திருக்கும். பிடுங்கப் போனா, இங்க மண்ணு ஏன் புதுசா இருக்குதுன்னு நாலு பேர் கேப்பாங்க. வளந்துட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன். ஆடு மேய்க்க வந்தவன், வெறகு பொறுக்க வந்தவன், எல்லாருக்கும் நரிக்கதை சொன்னேன். ஒருத்தனும் நம்பல. ஆனா ஒருத்தனும் உள்ள போகல. ஆறு வருசமா எம்பொண்ணைத் தூக்குக்கயித்துலேர்ந்து காப்பாத்துனது அந்த நரிதான்.

காயா? நல்லாவே காய்க்குது. வேலிக் காயைவிட இதுல பருப்பு பெருசு. மருந்துக்கு ராசம்மா இதைத்தான் பறிப்பா. இப்ப நீங்க குடிச்சதும்... துப்பி என்னய்யா ஆவப் போவுது, அதான் உள்ள போயிடுச்சே. காய்ச்சல் நிக்கும், பாருங்க.

நாளைக்கு வெட்டுக் கூலியாளுங்க வர்றப்ப கொடி பத்தடி தள்ளி இருக்கட்டும். ஏன்னு கேட்டா நரின்னு சொல்லுங்க. யார் சொன்னதுன்னு மட்டும் எவன்கிட்டயும் மூச்சு விடாதீங்க. முக்கியமா உள்ள இருக்கறவகிட்ட. நான் வாயைத் தொறந்தது அவளுக்குத் தெரியக் கூடாது. இந்த மருந்து மூணு வேளை குடிக்கணும். உங்களுக்கு இன்னும் ரெண்டு வேளை இருக்குது. கலக்கறது அவதான்.