சேலை காய்ந்த கம்பி

– முள்ளை எடு அழகி. சந்து வழிய மறிக்க இது என்ன ஒங்க வீட்டுக் கொல்லையா?

– எடுக்க மாட்டேன் பாய். நீங்க அங்கிட்டுச் சுத்திப் போங்க.

– நான் போறதுக்கு வரல. தொங்குற இந்தக் கம்பியச் சுருட்டி ஓரமாப் போட வந்தேன். கொஞ்ச நேரத்துல மதரசா விட்டுரும். புள்ளைங்க இந்த வழியாத்தான் ஓடி வரும். ஓடுற வேகத்துல கழுத்துல மாட்டுச்சுன்னா?

– அதுக்குத்தான் முள்ளு வெட்டிப் போட்டுருக்கேன்.

– முள்ளு குத்துனா வலிக்காதா?

– வலிக்கட்டும். அழுதுட்டு வீட்டுக்குப் போகும். கம்பியத் தொட்டா அழக்கூட முடியாது.

– அட, என்ன புள்ள நீ! புயல் அடிச்சு ஒரு வாரத்துக்கு மேலாச்சு. கட்டுமாவடி முழுக்க கரண்ட்டு இல்ல. மெயின் ரோட்டுல போஸ்ட்டு பூராம் படுத்துக் கெடக்கு. இந்தக் கம்பிக்கு எங்கேருந்து கரண்ட்டு வரும்? வானத்துலேருந்தா?

– என்னத்தக் கண்டேன். வெள்ளச்சி செத்துப் போச்சு. அது மட்டும் தெரியும்.

– ஆடு சாகுறதுக்கு ஆயிரம் இருக்கு. மழையில நனைஞ்சிருக்கும். பாம்பு கீம்பு தீண்டியிருக்கும். புயலுக்கப்புறம் வேலியெல்லாம் பாம்பாக் கெடக்கு.

– பாம்பு தீண்டுனா நுரை தள்ளும் பாய். கொஞ்ச நேரம் இழுத்துக்கிட்டுக் கெடக்கும். விழுந்த பூவரசுல எலை மேய வந்துச்சு. கழுத்து கம்பியில பட்டிருக்கு. அப்படியே வெறச்சுப் போச்சு. வாயில வச்ச எலை வாயிலேயே இருக்கு. மெல்லக்கூட இல்ல.

– நீயே ஒரு வாரமா இந்தக் கம்பியிலதான சேலை காயப் போட்ட? நான் பாத்தேனே. பச்சை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, ஒம் மக தாவணி ஒண்ணு. ஒம் மகன் ராக்கன் இதுலதான் வலைய விரிச்சுப் போட்டான். யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சா?

– ஆகல. கைக்கெட்டுற ஒசரத்துல தோதா இருந்துச்சு. போட்டேன்.

– பாத்தியா. ஒங் கை தொட்டப்ப இல்லாத கரண்ட்டு, ஆட்டக் கண்டதும் வந்துருச்சாக்கும்.

– சிரிங்க. நேத்து நான் ஒங்க வீட்டுலதான் தண்ணிக்கு நின்னுக்கிட்டிருந்தேன். கொடத்தத் தூக்கிக்கிட்டு வந்து பாக்குறேன், இப்படிக் கெடக்கு.

– சிரிக்கல புள்ள. வெள்ளச்சி எனக்கும் பழக்கம்தான். எங்க வாசல் முருங்கைய அது ஒடிக்காத நாளு உண்டா?

– இனிமே ஒங்க முருங்கை நல்லாத் தழையும்.

– அப்படிச் சொல்லாத.

– பின்ன எப்படிச் சொல்றது?

– சரி, கேளு. கரண்ட்டு ஆபீசுக்குப் போன் போட்டேன். சப்-ஸ்டேஷன்லேயே நிறுத்தி வச்சிருக்கோம்னாங்க.

– தொடலாம்னு சொன்னாங்களா?

– அது... நாங்க வர்ற வரைக்கும் யாரும் கிட்டப் போகாதீங்கன்னாங்க. வழக்கமாச் சொல்றதுதான்.

– அப்ப போகாதீங்க.

– அவங்க என்னைக்கு வர்றது? ஊரு ஊரா போஸ்ட்டு சாஞ்சு கெடக்கு. நம்ம சந்துக்கு வர்றதுக்குள்ள நோம்பே வந்துரும். அது வரைக்கும் இங்கயே உக்காந்திருப்பியா?

– உக்காந்திருப்பேன்.

– மீனு யாரு விக்கிறது?

– போட்டெல்லாம் கரையில ஒடஞ்சு கெடக்கு. மீனு தானா நடந்து வருதா?

– ஒங்கிட்டப் பேசி மாளாது. சாப்பிட்டியா இல்லியா?

– கஞ்சி குடிச்சேன். ஒங்க வீட்டுத் தண்ணியிலதான் ஒலை வச்சேன். பொய் சொல்லக் கூடாது பாய், தெருவே ஒங்களத்தான் பேசுது. அந்த ஜெனரேட்டர் வரலன்னா ஊரணித் தண்ணியத்தான் வடிகட்டிக் குடிச்சிருப்போம். அதுலயும் மரம் விழுந்து அழுகிக் கெடக்கு.

– அல்லாஹ் குடுத்தான். அறந்தாங்கியில பகல் பூரா நின்னு பிடிச்சேன். எனக்கு எனக்குன்னு அம்புட்டுப் பேரு. முந்தா நாள் வேன்ல கொண்டாந்து இறக்கி வச்சுட்டு, இத வீட்டுக்கு எப்படிக் குடுக்கிறதுன்னு ஒரே யோசனை. வயரிங் தெரிஞ்ச ஆளு ஒருத்தனும் ஊர்ல இல்ல. நேத்துக் காலையில நானே ஒரு வேலை செஞ்சேன்.

– என்ன வேலை?

– ஒரே ஒயரு. ரெண்டு முனையிலயும் பின்னு. ஒரு பின்னு ஜெனரேட்டர்ல, இன்னொண்ணு அடுப்படி பிளக்குல. அவ்வளவுதான். மோட்டாரு, ஃபேனு, ஃபிரிட்ஜு, அம்புட்டும் எடுக்குது. மஸ்கட்டுல பக்காலான்னு மளிகைக் கடை வச்சிருந்தப்ப பல்பு போனாலும் நான்தான், ஃபிரிட்ஜு நின்னாலும் நான்தான். சும்மா இல்ல.

– வீடு பூராம் போகுதா?

– மூலை முடுக்கெல்லாம் போகுது.

– வீட்டோட நிக்குமா பாய்?

– என்னது?

– இல்ல, ஒங்க வீட்டுக்கு கரண்ட்டு எங்கேருந்து வருது?

– இந்தக் கம்பியிலேருந்துதான். அந்தக் கோடி போஸ்ட்டு தெரியுதா? அது சாயல, நிக்குது. அதுலேருந்து எனக்கு ஒரு ஒயரு, பக்கத்துல ரோஷன் பேகம் வீட்டுக்கு ஒரு ஒயரு. இந்தக் கோடிதான் சாஞ்சு போச்சு.

– இந்த ஆடு நேத்துத்தான் செத்துச்சு. ஒங்க ஜெனரேட்டரும் நேத்துத்தான் ஓடுச்சு.

– அட அழகி! போஸ்ட்டுலேருந்து வீட்டுக்கு வரும். வீட்டுலேருந்து போஸ்ட்டுக்குப் போகுமா? அப்படிப் போனா ரோஷன் பேகம் வீட்டுலயும்ல லைட்டு எரியணும்? எரிஞ்சுச்சா?

– பூட்டுன வீட்டுல எரிஞ்சா யாரு பாத்தா? அவுகதான் புயலுக்குப் பயந்து புதுக்கோட்டையில மக வீட்டுக்குப் போயிட்டாகளே.

– இன்னைக்கு வந்தாச்சு. வரும்போதே பாத்தேன், விசிறிய வச்சு வீசிக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்காங்க. லைட்டு எரியுற வீட்டுல யாராச்சும் வாசல்ல உக்காந்து விசிறுவாங்களா?

– இப்ப ஒங்க ஜெனரேட்டர் ஓடுதா?

– இப்ப ஓடல. சாயங்காலம் அசரு தொழுகைக்கு அப்புறம்தான் போடுவோம். போதுமா? விலகு, மதரசாவுல மணி அடிக்கப் போறாங்க.

– பாய், முள்ளைத் தாண்டாதீங்க!

– தாண்டிட்டேன். இந்தா நிக்கிறேன். செத்தா போயிட்டேன்?

– ஈரத் தரை பாய். வெறுங்காலு. கையக் கொண்டு போகாதீங்க.

– கையால வராது, புள்ள. போஸ்ட்டு முனையில இறுகிக் கெடக்கு. இழுத்துப் பிடிச்சு வெட்டணும். வீட்டுலேருந்து கட்டிங் பிளேயரு கொண்டாரச் சொல்றேன்.

– அது வர்ற வரைக்கும் தொட மாட்டீங்களே?

– தொடல.

– வெள்ளச்சி மேல ஆணையாச் சொல்லுங்க.

– செத்த ஆட்டு மேல ஆணை கேக்குற ஒரே ஆளு நீதான். இந்தா, ரெண்டு கையாலயும் போனைப் பிடிச்சுக்கிறேன். பாத்துக்க. ஒங் காதுலயும் விழட்டும், ஸ்பீக்கர்ல போடுறேன்... ஹலோ, ஹுமா?

– அத்தா, சத்தமாப் பேசுங்க! ஒண்ணும் கேக்கல!

– அந்தக் கட்டிங் பிளேயர எடுத்துக்கிட்டு மதரசா சந்துக்கு வாம்மா. அது என்ன சத்தம்?

– ஜெனரேட்டரு அத்தா. தொட்டி காலியாயிருச்சு, தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்யத் தண்ணி இல்ல. அம்மா இப்பவே போடச் சொன்னாங்க. அத்தா, ரோஷன் மாமி வந்து நிக்கிறாங்க. கேக்காமலே அவங்க வீட்டுக்கும் கரண்ட்டு குடுத்துட்டீங்களாமே, இப்பத்தான் ஃபேனு சுத்துச்சாம். ஒங்க கை நல்லா இருக்கணும்னு துஆ செய்றாங்க.