எல்லா வரியிலும் வாத்தியார் பெயர்

எனக்கு எதுவும் வரிசையாக இருக்க வேண்டும், ஐயா. கொடியில் துணி கோணலாகக் கிடந்தால்கூட மனைவியிடம் சொல்லாமல் நானே எழுந்துபோய் நேராக்கிவிடுவேன். வம்புக்குப் போகிற ஆள் இல்லை.

நோயாளியின் நரம்பில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப்புக்கு எங்கள் குழு கணினி நிரல் எழுதியது. முதல் வரியிலிருந்து எழுதியவன் நான். வரித் தொடக்கத்தில் இடம் விட கீபோர்டில் டேப் சாவியைத்தான் தட்டுவேன். பின்னால் வந்து தலைவரானவரை எல்லோரும் வாத்தியார் என்போம். யார் எழுதினாலும் திருத்துவார். அவருக்கு அதே இடத்தை ஸ்பேஸ் சாவியால் விட்டால்தான் பிடிக்கும். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒரே பாணிக்கு வரலாம் என்று கூட்டம் போட்டார். என் நிரலைப் பெரிய திரையில் காட்டி, "இது என்னப்பா, கோழி கிளறின மாதிரி இருக்கு?" என்றார். நான் வேலை சொல்லிக்கொடுத்த பெண்கூடச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்தது. சாப்பிட உட்கார்ந்தாலும் கேட்டது.

ஸ்பேஸுக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். எல்லாக் கோப்புகளையும் ஒரேயடியாக மாற்றும் டூலை நானே அமைத்துத் தருவதாகச் சொன்னேன்.

"பெரிய மனசுய்யா உனக்கு," என்று தோளில் தட்டினார்.

அதை ஓட்டும் பெருமையை அவருக்கே விட்டேன். யார் ஓட்டுகிறாரோ அவர் பெயர்தான் மாறிய ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் பதிவாகும். இடைவெளிதானே என்று அவ்வளவு வரிகளையும் ஒருவரும் படிக்க மாட்டார்கள். அதனால் டூலுக்கு இன்னொரு வேலையும் சொல்லிவைத்தேன். அளவு மீறினால் மருந்தை நிறுத்தும் வரியையும், அந்த வரி வேலை செய்கிறதா என்று பார்க்கும் சோதனையையும் அது நீக்கிவிடும்.

சின்ன ஆபரேஷனுக்கு வந்த, பஸ் ஓட்டும் அம்மா ஒருவர், பம்ப் நிற்காமல் மருந்தை ஏற்றியதில் இறந்துபோனார். வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை. "எம் பேருதானே இருக்கு. நான்தான் எங்கயோ கை வச்சிருப்பேன்," என்றார். உங்கள் போலீஸ்காரர்கள்தான் அவரை அழைத்துப் போனார்கள். வெகுநாள் கழித்து அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீக்கிய வரியைத் திரும்பச் சேர்த்தார்கள். தலைவர் நாற்காலி எனக்கு வந்தது. உட்கார்ந்ததும் முதல் வேலையாக, எல்லாவற்றையும் டேப்புக்கு மாற்ற அதே டூலை ஓட்டினேன். ஸ்பேஸ் என்று இருந்ததை டேப் என்று மாற்ற நினைவிருந்தது. அந்த வரியை நீக்கச் சொன்னதை எடுக்க நினைவில்லை. இந்த முறையும் ஒருவரும் படிக்கவில்லை. காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த சிறுமி விடிவதற்குள் போய்விட்டாள். அந்த வரி இருந்த இடத்தில் என் பெயரைப் பார்த்துத்தானே என்னைத் தேடி வந்தீர்கள்.

ஓட்டுநர் அம்மாவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். சிறுமியை மட்டும் என் தலையில் கட்டாதீர்கள். அது வெறும் மறதி. அன்றைக்கே வாத்தியார் டேப்புக்கு ஒத்துக்கொண்டிருந்தால் நான் அதை மறுபடி ஓட்டியிருக்கவே வேண்டாம்.