மண்டப ஸ்பீக்கரில் வந்த குரல்

எனது பெயர் அப்துல் கரீம் நிஸ்தார். வயது 51. விலாசம்: ஏறாவூர், நெசவாளர் சங்க மண்டபத்துக்குப் பின்வளவு. தொழில்: ரேடியோ திருத்துதல், ஒலிபெருக்கி வாடகைக்கு விடுதல். சங்கச் செயலாளர் ஷாமில் எனக்கெதிராகப் பொலிஸில் செய்த முறைப்பாடு வாசித்துக் காட்டப்பட்டது. பிரதம அதிதி பேச எழும்பிய நேரம், நான் ஒரு பெண்ணை மறைவில் வைத்து ஒலிபெருக்கியில் அவரை அவமதித்ததாக அதில் உள்ளது. அவமதித்தது பொய். பெண் இருந்தது உண்மை. அவர் என் மனைவி பர்ஸானா.

நோன்புப் பெருநாளைக்குப் பின் பர்ஸானாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் பேச்சும் நின்றுபோயின. அதற்கு முன் அவர் பேச்சை நிறுத்தி நான் கண்டதில்லை. என் கடை வீதியோரத்தில் இருப்பதால், கம்பியில்லா மைக் ஒன்றை அவரது தலையணையருகே வைத்து, ரிசீவரைக் கடையில் வைத்தேன். மைக்கை ஒருமுறை தட்டினால் தண்ணீர், இருமுறை தட்டினால் நான் வர வேண்டும். மூன்றுமுறைக்கு நாங்கள் ஒன்றும் பேசி வைக்கவில்லை. ஆனாலும் சிலவேளை தட்டுவார், போய்ப் பார்த்தால் சிரிப்பார்.

மைக் குரலை வானொலி அலையாக்கி அனுப்பும். அதே அலைவரிசையில் உள்ள ரிசீவர் அதைப் பிடித்து மறுபடி ஒலியாக்கும். அனுப்பியவர் யார் என்பது ரிசீவருக்குத் தெரியாது. மண்டபத்துக்கு நான் கொடுத்ததும் அதே வகை மைக், அதே அலைவரிசை. மண்டப மைக் வேலை செய்யும்வரை அதன் அலைதான் பலம். அதை நிறுத்தினால் வீட்டு மைக் அங்கே கேட்கும். இதை யோசிக்காதது என் பிழை.

சனிக்கிழமை காலை கூட்டத்தில் செயலாளர் பேசி முடித்தபின் மைக் கரகரத்தது. அதன் பின்னர் நான் மேடையேறி, "ஹலோ, கேக்குதா?" என்று சோதித்தேன். அதன் பின்னர் பற்றரி மாற்றுவதற்காக மைக்கை நிறுத்தினேன். பிரதம அதிதி எழும்பி நின்றார். அப்போது ஸ்பீக்கரில், "இஞ்சாருங்க... கேக்குது. சத்தத்தக் கொறைங்க" என்று பெண்குரல் வந்தது. சபை சிரித்தது. எங்கள் ஊரில் மனைவிமார் கணவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை, எல்லாரும் "இஞ்சாருங்க" என்றே கூப்பிடுவார்கள். ஆகையால் ஆண்கள் பலர் பதறிப்போய்ப் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். நான் மேடையிலிருந்து குதித்து வீட்டுக்கு ஓடினேன். குற்றத்தை மறைக்க ஓடியதாக முறைப்பாட்டில் உள்ளது.

பெயர் சொல்லாத குரல் என் மனைவியுடையது என்று எப்படித் தெரியும் எனப் பொறுப்பதிகாரி கேட்டார். குரல் குழறித்தான் வந்தது. ஆனால் கல்யாணம் முடித்த நாள்முதல் நான் எந்த ரேடியோவைப் போட்டாலும் குறைக்கச் சொல்பவர் அவர் ஒருவர்தான். அன்று யன்னலால் என் சத்தம் கேட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். நான் கட்டிலருகே நின்று அழுதேன். "ஏன் அழுறீங்க?" என்று அதையும் வாயால்தான் கேட்டார்.

மண்டபத்துக்குக் கொடுத்த மைக்கையும் வீட்டிலிருந்த மைக்கையும் பொலிசார் எடுத்து வந்துள்ளார்கள். பிரதம அதிதியிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அலைவரிசையையும் மாற்றுகிறேன். வீட்டு மைக்கை மாத்திரம் இன்றே தர வேண்டும். பர்ஸானா இப்போது நாள் முழுக்க என்னை ஏசத் தொடங்கியுள்ளார். கடையிலிருக்கும் எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னதே உள்ளது, சொல்லாதது எதுவும் இல்லை.

ஒப்பம்: அ. க. நிஸ்தார்